கறுப்பு 911-இல் சிலந்திவலைக் கீறல்: எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்தவேண்டும்

கேள்வி இதுதான்: 2020 மாடல் போர்ஷே 911, 992 தலைமுறை, கறுப்பு நிறம், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நிழலில் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வெயிலில் நிறுத்தினால் முன்மூடி (பானெட்) முழுக்கச் சிலந்திவலை போலச் சன்னக் கீறல்கள், பின்பக்கம் தண்ணீர்த் திட்டுகள். ஒரு கடையில் “மூணு ஸ்டெப் காம்பவுண்ட் போட்டு மேல 9எச் செராமிக் அடிச்சிடலாம். ஒரே நாள் வேலை. அப்புறம் கீறலே விழாது” என்கிறார்கள். செய்யலாமா? முறையான வேலை எப்படி இருக்கும்?

அந்தப் பேச்சுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பெயின்ட்டை அளக்காமல், ஒரு மூலையில் சோதித்துப் பார்க்காமல் மூன்று ஸ்டெப் என்று யாரும் சொல்ல முடியாது. பாலிஷ் என்பது பெயின்ட்டின் மேல் எதையோ பூசுவது அல்ல, மேலே இருப்பதைத் தேய்த்து எடுப்பது. காம்பவுண்ட் என்பது அப்படித் தேய்க்கும் துகள் கலந்த பசை. எடுத்தது திரும்பி வராது.

கம்பெனி பெயின்ட்டை அடியிலிருந்து பார்த்தால் உலோகத்தின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிறகு பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். மொத்தமும் சேர்ந்து சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், உங்கள் வண்டியின் பளபளப்பு முழுவதும் அரை முடித் தடிமனில் நிற்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருளும் அந்தக் கிளியர் கோட்டில்தான் கலந்திருக்கிறது. வண்டியின் ஆயுள் முழுவதற்கும் சேர்த்து எட்டு, பத்து மைக்ரானுக்கு மேல் அதில் கை வைக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் பின்பற்றும் வரம்பு. அதைத் தாண்டினால் உடனே ஒன்றும் தெரியாது. சில வருடம் வெயிலில் நின்ற பிறகு முன்மூடியிலும் கூரையிலும் வெளுத்து உரியத் தொடங்கும்.

சிலந்திவலையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அந்தக் கீறல்கள் வட்டமானவை அல்ல. கழுவும்போது துணியில் ஒட்டிய மண் இழுத்த, எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கும் சன்னமான நேர்க்கோடுகள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, அந்த வட்டத்துக்குத் தொடுகோடாக விழுந்த கீறல்கள் மட்டும் ஒளியை உங்கள் கண்ணுக்குத் திருப்புகின்றன. மற்றவை இருட்டில் மறைந்துகொள்கின்றன. அதனால்தான் டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். ஆகவே வண்டியை வட்டமாகத் துடைத்ததால் வந்தது, நேராகத் துடைத்தால் வராது என்பதெல்லாம் சரியல்ல. மண்ணோடு துடைத்தால் எப்படித் துடைத்தாலும் வரும். இந்த வகைக் கீறல் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான் ஆழத்துக்குள் இருக்கும். அதனால் தைரியமாக எடுக்கலாம். நகத்தை மெல்ல ஓட்டினால் நகம் தட்டி நிற்கிற கீறல் வேறு ரகம். அதன் அடிவரை தேய்த்தால் கிளியர் கோட் மிஞ்சாது. அதன் விளிம்புகளை மட்டும் மழுக்கி, கண்ணை உறுத்தாத அளவுக்குக் கொண்டுவந்து விட்டுவிடவேண்டும்.

அடுத்தது அளவெடுப்பு. 911-இல் பலர் தடுக்கி விழும் இடம் இது. 992-இன் வெளித்தகடு முன், பின் பம்பர் பகுதிகளைத் தவிர ஏறக்குறைய முழுக்க அலுமினியம். காந்தத்தை நம்பி இரும்பை மட்டும் அளக்கும் மலிவான மீட்டர் இதில் எந்த அளவும் காட்டாது. இரும்பு, இரும்பல்லாத உலோகம் இரண்டையும் அளக்கும் மீட்டர் வேண்டும். பம்பர் பிளாஸ்டிக். அதற்கு ஜெல் தடவி அளக்கும் அல்ட்ராசானிக் மீட்டர்தான் ஒரே வழி. கார்பன் கூரை ஆப்ஷன் உள்ள வண்டியென்றால் அங்கும் இதே கதை. அல்ட்ராசானிக் இல்லாத கடை பம்பரில் லேசான பாலிஷோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

ஒவ்வொரு தகட்டிலும் குறைந்தது ஐந்தாறு இடத்தில் அளந்து, அந்த எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டவேண்டும். 100 முதல் 150 வரை வந்தால் கம்பெனி பெயின்ட் என்று கொள்ளலாம். ஒரு கதவு மட்டும் 250-ஐத் தாண்டினால் அது மறுபடி அடித்த பெயின்ட். 500-க்கு மேல் போனால் அடியில் நெளிவை நிரப்பிய பட்டி இருக்கிறது. 80-க்குக் கீழே இறங்கினால் யாரோ ஏற்கெனவே நிறையத் தேய்த்துவிட்டார்கள், அந்த இடத்தில் காம்பவுண்டைத் தொடவே கூடாது. செகண்ட் ஹேண்ட் வண்டியில் இந்த அளவெடுப்பு இன்னும் முக்கியம், முந்தைய உரிமையாளர் எத்தனை முறை பாலிஷ் போட்டார் என்பது உங்களுக்குத் தெரியாது. மீட்டர் மொத்தத் தடிமனைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. எவ்வளவு எடுத்தோம் என்று அறிய, வேலைக்கு முன்னும் பின்னும் அதே புள்ளியில் நாலைந்து முறை அளந்து சராசரி பார்க்கவேண்டும். மீட்டரே ஒன்றிரண்டு மைக்ரான் தள்ளாடும், ஒரே ஒரு அளவை நம்பக்கூடாது.

கழுவுவதும் சுத்திகரிப்பதும் பாலிஷில் பாதி வேலை. முதலில் நுரையடித்து மண்ணை ஊறவைத்து, தொடாமலே தண்ணீரில் இறக்கவேண்டும். பிறகு இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் அலசல் தண்ணீர். மேலிருந்து கீழே, சக்கரத்துக்கும் கீழ்ப்பகுதிக்கும் தனித் துணி. அடுத்து பிரேக் தூளை எடுக்கும் ஐயர்ன் ரிமூவர். பெயின்ட்டில் குத்தி நிற்கும் இரும்புத் துகளோடு வினைபட்டு ஊதா நிறத்தில் வடியும். பின்சக்கரத்துக்கு மேலே, பின் பம்பர் ஓரத்தில் அதிகம் வடிவதைப் பார்க்கலாம். தகடு சூடாக இருக்கும்போது அடிக்காதீர்கள், காயவும் விடாதீர்கள். தார்ப் புள்ளிகளுக்கு அதற்கான கரைப்பான். இவ்வளவுக்குப் பிறகும் பிளாஸ்டிக் கவரை விரலில் மாட்டித் தடவினால் சொரசொரவென்று இருக்கிறதா, அப்போதுதான் கிளே, அதாவது ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி. நிறைய வழுக்குத் திரவத்தோடு, அழுத்தாமல், நேர்க்கோட்டில். கிளே கீழே விழுந்தால் அதைக் குப்பையில் போடவேண்டும், கழுவி எடுத்துக்கொள்வதெல்லாம் வேண்டாம். கறுப்பில் கிளேயே லேசாகக் கீறும். பாலிஷ் போடப்போவதால்தான் அதைப் பொறுத்துக்கொள்கிறோம்.

தண்ணீர்த் திட்டு இரண்டு வகை. போர் தண்ணீர் வெயிலில் காய்ந்து விட்டுப்போன சுண்ணாம்புப் படிவு முதல் வகை. மேலே உட்கார்ந்திருக்கும், அதற்கான லேசான அமிலக் கிளீனரில் ஒரு நிமிடத்தில் கரைந்துவிடும். இரண்டாவது, அந்தப் படிவு நாள்பட இருந்து கிளியர் கோட்டையே அரித்து ஏற்படுத்திய பள்ளம். கரையாது. தேய்த்தால்தான் போகும், சிலது அப்போதும் முழுதாகப் போகாது. அமிலத்தால் போகிறதை மெஷினால் எடுப்பது வீண் செலவு. அதனால் வரிசை மாறக்கூடாது: முதலில் அமிலம், பிறகும் நிற்பதற்குத்தான் பாலிஷ்.

பிறகு மறைப்பு. கார் பெயின்ட் வேலைக்கென்று வரும் மாஸ்கிங் டேப் வேண்டும். ஸ்டேஷனரிக் கடை டேப் பசையை விட்டுப்போகும். ரப்பர் ஓரங்கள், விளக்குகள், பின்னால் குறுக்கே ஓடும் சிவப்பு லைட் பட்டை, எழுத்துகள், கதவுக் கைப்பிடியின் இடுக்கு எல்லாம் மூடவேண்டும். பின்மூடியின் செங்குத்துப் பட்டைகளுக்கு அடியில்தான் எஞ்சின் இருக்கிறது. அதை பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடாவிட்டால் காம்பவுண்ட் தூள் உள்ளே கொட்டும். பின் ஸ்பாய்லரை உயர்த்தி அடியில் சேர்ந்த மண்ணைக் கழுவியிருக்கவேண்டும். மறந்தால் பாலிஷ் நடுவில் அந்த மண் பேடில் ஏறும். ஹெட்லைட் பாலிகார்பனேட்டுக்குத் தனியாக ஒரு பாதுகாப்புப் பூச்சு உண்டு. மெஷின் அதன்மேல் போகக்கூடாது, போனால் நாளடைவில் மஞ்சளாகிவிடும். தகட்டின் மடிப்பு விளிம்புகளிலும் டேப் ஒட்டவேண்டும். பெயின்ட் அடிக்கும்போதே அங்கு மெல்லிசாகத்தான் படியும், மெஷின் அழுத்தமோ அங்குதான் குவியும். அடி தெரிகிற அளவுக்குப் போகும் விபத்துகள் தகட்டின் நடுவில் அபூர்வம், விளிம்பில்தான் சாதாரணம்.

முன்னால் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் பம்பர், முன்மூடி, பக்கக் கண்ணாடிகளின் மூடியில் பெரும்பாலும் இருக்கும். விளிம்பில் விரல் நகத்துக்கு ஒரு மெல்லிய படி தட்டும். பெயின்ட் மீட்டரும் திடீரென்று 150, 200 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். அதன் சன்னக் கீறல்கள் பெரும்பாலும் வெந்நீரிலோ வெயிலிலோ தானாக அடங்கும். மெஷினைக் கொண்டுபோனால் ஓரம் கிளம்பும்.

இனி வேலையின் உயிர்நாடி, டெஸ்ட் ஸ்பாட். முன்மூடியில் 40 சென்டிமீட்டர் சதுரத்தை டேப்பால் பிரித்து, இருப்பதிலேயே மென்மையான கூட்டணியில் தொடங்கவேண்டும்: மென்மையான ஃபோம் பேட், இறுதிப் பாலிஷ், உதாரணத்துக்கு மென்சர்னா 3800 அல்லது மெகுயர்ஸ் 205. நாலு பாஸ் (சதுரம் முழுவதையும் மெஷினால் ஒருமுறை கடப்பது ஒரு பாஸ்) ஓட்டி, துடைத்து, விளக்கடித்துப் பார்ப்பது. கீறல் பெரும்பகுதி போய்விட்டால் வேலை அங்கேயே முடிவாகிவிட்டது, ஒரே ஸ்டெப். போகவில்லையென்றால் முதலில் பேடை மட்டும் ஒருபடி கடினமாக்குங்கள். அதுவும் போதாவிட்டால் காம்பவுண்டை மாற்றுங்கள், மென்சர்னா 400 போல. கடைசியில்தான் மைக்ரோஃபைபர் அல்லது கம்பளிப் பேட். இப்படிக் கீழிருந்து ஏறினால் எந்த இடத்தில் போதும் என்று தெரியும். மேலிருந்து தொடங்குகிறவருக்கு அது ஒருபோதும் தெரியாது. 992 கறுப்பில் பெரும்பாலும் ஒரு கடின பேட் சுற்றும் ஒரு இறுதிச் சுற்றும் போதுமானதாக இருக்கும். ஆனால் முடிவைச் சொல்லவேண்டியது உங்கள் வண்டியின் டெஸ்ட் ஸ்பாட்தான், வேறொரு வண்டியின் அனுபவம் அல்ல.

மெஷின் எது? இரட்டை இயக்க மெஷின், கடைகளில் டி.ஏ. என்பார்கள். பேட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே ஒரு சிறு வட்டத்திலும் ஆடும், அதனால் சூடு ஒரே புள்ளியில் சேராது. கூரையும் முன்மூடியும் அகலமானவை, 21 மில்லிமீட்டர் ஆட்டம் உள்ள ரூபெஸ் போன்றது வேகமாக முடிக்கும். 911-இன் புடைத்த பின் ஃபெண்டர்களில் அது தடுமாறும், 15 மில்லிமீட்டர் மெஷின் வளைவோடு இசைந்துபோகும். விளக்கைச் சுற்றியும் கூரையைத் தாங்கும் தூண்களிலும் மூன்று அங்குலப் பேட். ஆடாமல் ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷின் தெரிந்த கைக்கு நல்ல கருவி. தெரியாத கையில் கறுப்பு வண்டிக்கு அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

பேடில் முதல்முறை காம்பவுண்டைச் சமமாகத் தேய்த்து ஈரமாக்கிவிட்டு, பிறகு ஒவ்வொரு சதுரத்துக்கும் பட்டாணி அளவில் நாலு சொட்டு. அதிகம் வைத்தால் அதிகம் வெட்டாது (தேய்த்து எடுக்காது), வழுக்கிக்கொண்டு தூள்தான் கிளப்பும். குறைந்த வேகத்தில் பரப்பி, நாலு அல்லது ஐந்தாம் எண் வேகத்துக்கு ஏற்றி, விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகரும் நிதானத்தில், பாதிக்குப் பாதி மேலேறும்படி குறுக்கும் நெடுக்குமாக நாலிலிருந்து ஆறு பாஸ். பெரும்பாலானவர்கள் கெடுப்பது இந்த நிதானத்தைத்தான். பேடைத் தாங்கும் வட்டத்தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரியவேண்டும். கோடு நின்று, மெஷின் வெறுமனே உதறினால் வெட்டு நின்றுவிட்டது என்று பொருள். அழுத்தம் கூடிவிட்டது, அல்லது பேட் வளைவில் சாய்ந்துவிட்டது. உடனே அழுத்துவதுதான் எல்லோருக்கும் வரும் புத்தி, செய்யவேண்டியது அதற்கு நேர்மாறு.

ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடைக் காற்றாலோ பிரஷ்ஷாலோ சுத்தம் செய்யவேண்டும். தேய்ந்து வந்த கிளியர் கோட்டும் காய்ந்த காம்பவுண்டும் பேடில் கட்டியானால் அதுவே உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். ஒரு முழு வண்டிக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்தாறு பேடாவது மாற்றவேண்டும். இரண்டே பேடோடு முழு 911-ஐ முடிப்பதாகச் சொல்லும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

சூட்டையும் கவனிக்கவேண்டும். அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் பரப்பிவிடும். பிளாஸ்டிக் பம்பர் பரப்பாது, பிடித்துவைத்துக்கொள்ளும். கதவில் ஒன்றும் ஆகாத அதே பாஸ் பம்பரில் பெயின்ட்டை மென்மையாக்கி இழுத்துவிடும். புறங்கையால் தொட்டால் இதமாக இருக்கலாம், கையை எடுக்கத் தோன்றினால் நிறுத்திவிடவேண்டும். பம்பரில் வேகத்தை ஒரு எண் குறைத்து, சதுரத்தையும் சிறிதாக்குங்கள். எஞ்சின் பின்னால் இருப்பதால் ஓட்டி வந்த உடனே பின்மூடியில் வேலை தொடங்காதீர்கள், முழுக்க ஆறட்டும்.

வெட்டுச் சுற்று முடிந்ததும் கறுப்பில் ஒரு சாம்பல் மூட்டம் தெரிந்தால் பயப்படவேண்டாம், கடின பேட் விட்டுப்போன நுண்கீறல் அது. இறுதிப் பாலிஷும் மென்மையான பேடும் அதற்காகத்தான். இறுதிச் சுற்றுக்குப் பிறகும் மூட்டம் இருந்தால் காரணம் மூன்றில் ஒன்று: பேட் அழுக்கு, அழுத்தம் அதிகம், அல்லது ஓட்டத்தில் நுணுகும் துகள் உள்ள காம்பவுண்டை அது நுணுகும் முன்பே துடைத்துவிட்டீர்கள். சரிந்து பார்க்கும்போது அலையலையாக, வண்டியோடு நிலைத்து நிற்கும் பட்டைகள் தெரிந்தால் அது ஹாலோகிராம், ரோட்டரியின் கைவரிசை. இரட்டை இயக்க மெஷினில் ஒரு இறுதிச் சுற்று அதைப் பெரும்பாலும் எடுத்துவிடும்.

ஏமாற்று நடப்பது இதற்கடுத்த கட்டத்தில்தான். பல காம்பவுண்டுகளில் எண்ணெய் இருக்கிறது, சிலவற்றில் கீறலை நிரப்பும் பொருளும் இருக்கிறது. துடைத்த உடனே கீறல் மறைந்த மாதிரி இருக்கும், நாலு முறை கழுவியதும் எல்லாம் திரும்பி வரும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் ஆறேழு பங்கு கலந்து துடைக்கவேண்டும். அல்லது இதற்கென வரும் பேனல் வைப் பயன்படுத்தலாம். ஆல்கஹாலை நீர் கலக்காமல் ஊற்றினால் புதிதாகத் தேய்த்த கிளியர் கோட் மென்மையாகி, துடைக்கும் துணியே கீறும். வேலை முடிந்து வண்டியைக் கடையிலிருந்து எடுக்கப்போகும்போதும் உங்கள் எதிரிலேயே ஒரு தகட்டை இப்படித் துடைக்கச் சொல்லி, வெயிலில் பாருங்கள். கடையின் வெள்ளை டியூப்லைட் அடியில் எல்லா வண்டியும் அழகாகத்தான் இருக்கும்.

நூற்றுக்கு நூறு கீறலையும் எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். 85, 90 சதவீதம் எடுக்க இரண்டு மூன்று மைக்ரான் போதும். மிச்சம் பத்து சதவீதத்துக்கு அதே அளவோ அதற்கு மேலோ இன்னொரு முறை செலவாகும். தினமும் ஓடும் காரில் அந்த வித்தியாசம் பத்தடி தூரத்தில் யாருக்கும் தெரியாது, ஆனால் அடுத்த பத்து வருடத்தில் இன்னும் இரண்டு முறை லேசாகப் பாலிஷ் போடும் வாய்ப்பு போய்விடும். தவிர, 911-ஐ வாங்குகிறவர்கள் மீட்டரோடுதான் வருவார்கள். கம்பெனி பெயின்ட் இருக்கும் வண்டிக்கும் மறுபெயின்ட் அடித்த வண்டிக்கும் விலை வேறு.

செராமிக் பற்றி. 9எச் என்பது பென்சில் கடினத்தின் எண். 45 டிகிரி சாய்வில், 750 கிராம் எடையில் பென்சில் முனையைத் தள்ளி, எந்தப் பென்சில்வரை பூச்சு தாங்குகிறது என்று பார்க்கும் சோதனை. கனிமங்களின் கடின வரிசையில் வைரம் பத்து, இது ஒன்பது என்பது போலச் சொல்வது பொய். தெருப்புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் கண்ணாடியையே கீறும், ஒரு மைக்ரான் அளவே உள்ள பூச்சை விட்டுவைக்குமா? கல்லடியையும் அது தடுக்காது, அதற்கு ஃபிலிம்தான். ஆனால் செராமிக் வீண் என்று சொல்லவில்லை. தண்ணீர் நிற்காமல் ஓடும், பறவை எச்சம் கொஞ்சம் மெதுவாக அரிக்கும், அழுக்கு எளிதில் கழலும், அதனால் துணி படும் அளவு குறையும். இதற்காகப் போடுங்கள். பூசும்போது சிறு சிறு சதுரமாகப் பூசி, எண்ணெய்ப் படலம் போல வானவில் நிறம் கிளம்பியதும் துடைத்துச் சமன்செய்யவேண்டும். சென்னை போல ஈரக்காற்று உள்ள ஊரில் அந்த நேரம் பாட்டிலில் எழுதியிருப்பதைவிடக் குறைவாகவே கிடைக்கும். தாமதித்தால் திட்டாக இறுகிவிடும், பிறகு அதையும் பாலிஷ் போட்டுத்தான் எடுக்கவேண்டும். குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பு வேண்டாம். பூச்சோ பாலிஷோ பிரேக் டிஸ்க்கில் படக்கூடாது. மஞ்சள் காலிப்பர் உள்ள கார்பன் செராமிக் பிரேக் என்றால் டிஸ்க்கை மூடிவிட்டே வேலை செய்யச் சொல்லுங்கள்.

கழுவ, சுத்திகரிக்க, மறைக்க ஒரு நாள்; பாலிஷுக்கு ஒன்று அல்லது இரண்டு நாள்; பூச்சுக்கும் காய்வதற்கும் இன்னொன்று. ஒரே நாளில் மூன்று ஸ்டெப்பும் செராமிக்கும் முடிகிறதென்றால் அளவெடுப்பும் டெஸ்ட் ஸ்பாட்டும் பேட் சுத்தமும்தான் விடுபடுகின்றன. கடையில் கேட்கவேண்டியவை: அலுமினியத்தை அளக்கும் மீட்டர் இருக்கிறதா, அளவுகளை எழுதித் தருவார்களா, டெஸ்ட் ஸ்பாட்டை நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே மீதியைத் தொடுவார்களா.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு, வாட்ச்மேனோ யாரோ காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் முன்மூடியில் இருக்கும் வலையில் பெரும்பங்கு அப்படி வந்ததுதான். கழுவிய பிறகு கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு வாளி ஊற்றி, தடிமனான மைக்ரோஃபைபர் துணியை விரித்து, இழுக்காமல் ஒற்றி எடுங்கள். பின்மூடி இடுக்கிலும் கண்ணாடி ஓரத்திலும் நிற்கும் தண்ணீரை ப்ளோயரால் ஊதி எடுத்துவிட்டால், பின்பக்கத் திட்டுகள் மறுபடி வராது.